காக்காக் கடி

ஜெசிந்தாவின் வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'வாய்வழி நுண்ணுயிர்த் தொடர்பு ஆய்வாளர்'. பாளையங்கோட்டையில் அத்தனை எழுத்துகளைச் செலவழிக்க யாரும் தயாராக இல்லை. எச்சில் இன்ஸ்பெக்டர் என்றார்கள். அவளுக்கு மாப்பிள்ளை தேடும் தரகர் மட்டும் 'சுகாதாரத் துறையில் கௌரவமான உத்தியோகம்' என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் காபியைக் குடித்துக் கிளம்பிவிடுவார்.

வேலை என்னவோ எளிமையானதுதான். நோயாளியின் எதிரில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து யார் யாருடைய எச்சில் அவர் வாய்க்குள் போயிருக்கிறது, அவருடையது யார் யார் வாய்க்குள் போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். கொலை வழக்கில்கூட மனிதர்கள் ஓர் ஒழுங்கோடு பொய் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு ஒழுங்கெல்லாம் பறந்துவிடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பழைய வாய், அவரோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத கணக்கு டீச்சரிடம் கிடைத்தது. கல்லூரி விடுதி ஒன்றில் ஓர் அறைப் பையன்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாய்தான் இருந்தது. ஒரு டீ கிளாஸும் ஒரு சிகரெட்டும் பார்த்த வேலை. யாருடையது யாரிடம் போனது என்று பிரிக்க முடியாமல் ஆய்வகம் அவர்களை ஒரே நபராகப் பதிந்துகொண்டது. அந்த நபருக்கு ஏகப்பட்ட அரியர் இருந்தது.

'பழைய வாய்' என்பது ஜெசிந்தா வேலை பார்க்கும் ஆய்வு மையத்தில் புழங்கும் சொல். குடல் அழற்சிக்காரர்களில் பலருக்கு நோய் மேலேயிருந்துதான் இறங்குகிறது, ஈறு வீங்கிய வாயின் கிருமிகள் எச்சிலோடு குடலுக்குப் போய்க் குடியேறித்தான் கலவரம் செய்கின்றன என்று தெரிந்த பிறகு, பல்லைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். போதவில்லை. அந்த மனிதரின் சின்ன வயது வாயில் இருந்த நல்ல கிருமிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால்தான் குடல் அடங்கியது. ஆனால் சொந்த வாயில் அவை செத்துப் பல காலம் ஆகியிருக்கும். வேறு யாருடைய வாய்க்காவது போய்த் தப்பிப் பிழைத்திருந்தால்தான் உண்டு. அந்த வேறு யாரையோ கண்டுபிடிக்கத்தான் ஜெசிந்தாவுக்குச் சம்பளம்.

மார்கழியில் வேலாயுதப் பெருமாள் வந்தார். பாத்திரக்கடை முதலாளி. ஒரு காலத்தில் நல்ல உடம்பு என்பதைச் சட்டை சொன்னது. உள்ளே இருந்தவர் அந்தச் சட்டையை இரவல் வாங்கியவர் மாதிரி இருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கோயிலை விசாரிக்கும் மனிதர், இங்கே உள்ளே நுழைந்ததும் கழிப்பறையை விசாரித்தார். போய்விட்டு வந்து உட்கார்ந்தார். பேச ஆரம்பித்ததும் மறுபடி போனார். ஆறு வருடமாக இப்படித்தான், ரத்தமும் போகிறது என்றார். பொங்கல் கழிந்ததும் பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் நாள் குறித்திருந்தார். அதற்குள் பழைய வாய் கிடைத்தால் கத்தி வேண்டாம்.

ஜெசிந்தா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு ஆள் எச்சில் என் நாக்குல பட்டது கெடையாது. என் எச்சிலும் இன்னொருத்தர்ட்ட போனது கெடையாது. நம்ம டம்ளர்ல நம்ம பேரு வெட்டியிருக்கும். அதையும் தூக்கித்தான் குடிப்பேன்."

"உங்க டம்ளரையேவா?"

"பழக்கம்னு ஒண்ணு இருக்குல்லாம்மா."

நன்னடத்தைச் சான்றிதழை நீட்டுவதுபோல அவர் சொல்லி முடித்தார். அந்தச் சான்றிதழால்தான் குடலை இழக்கப் போகிறார் என்பதை எப்படிச் சொல்வது என்று ஜெசிந்தா யோசித்தாள். அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கத் தலைவர் என்பது விவரத்தில் இருந்தது. அதையே பிடித்துக்கொண்டாள்.

"உங்க குடல ஒரு ஃபிளாட்டுன்னு வைங்க சார். வாசல்ல ஒரு வாட்ச்மேன் இருக்காரு. நீங்க பிள்ளையா இருந்தப்ப யார் யாரு குடிவந்தாங்களோ, அவங்க மூஞ்சி எல்லாம் அவருக்கு மனப்பாடம். இப்ப உங்க ஈறு வீங்கி, அங்க வளர்ந்த புது ஆட்கள் நாள் பூரா எச்சிலோட கீழ எறங்கி வாராங்க. வாட்ச்மேன் கம்ப எடுத்து அடிக்காரு. அடிக்கிற அடியில செவுரு எல்லாம் பேந்துபோகுது. அதான் உங்களுக்கு ரத்தம்."

"அந்தப் பயலுவள வாயிலயே காலி பண்ணிட்டா?"

"பல் டாக்டர் மூணு தடவ பண்ணிட்டாரே. காலி வீட்டுல மறுபடி வேற எவனாவது வந்து உக்காந்துருதான். பழைய குடித்தனக்காரங்களக் கொண்டாந்து வச்சாதான் புதுசு வராது. வாட்ச்மேனும் கம்பக் கீழ போடுவாரு."

பெருமாளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நாற்பது வீடுகளைக் கட்டி மேய்ப்பவர். பழைய ஆட்கள் யாரிடம் இருப்பார்கள் என்று அவரே யோசித்தார். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உடன்பிறந்தவர்கள் கிடையாது. பிள்ளைகளும் இல்லை. பிறகு முகம் மலர்ந்தது. வீட்டில் ஆவுடை இருக்கிறாளே என்றார். மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிடுவாள். நோய் வந்த பிறகுதான் டாக்டர் சொல்லி நிறுத்தினார்கள். இதைச் சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக்கில் இரண்டு முறை சொல்லியிருக்கிறாராம். மற்ற வீட்டுப் பெண்கள் கைதட்டினார்களா என்று ஜெசிந்தா கேட்கவில்லை.

ஆவுடையின் வாயிலிருந்து பஞ்சில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பெருமாளின் ரத்தத்தில் குடலின் ஞாபகம் இருந்தது. சின்ன வயதில் எந்தக் கிருமிகளைத் தன்னுடையது என்று அது ஏற்றுக்கொண்டது என்பதை அதில் படித்துவிடலாம். இரண்டையும் ஒத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பிசகு என்று நினைத்து இன்னொரு முறை பார்த்தார்கள். அப்போதும் பூஜ்யம். மையத் தலைவர் டாக்டர் திருமலைக்கொழுந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இத்தனை வருடம் ஒருவர் இலையில் ஒருவர் சாப்பிட்டு இப்படி ஒரு சுத்தத்தைத் தான் பார்த்ததில்லை என்றார்.

ஜெசிந்தாவுக்கு இந்த மாதிரிப் பூஜ்யங்கள்தான் பிடிக்கும். கிடைத்துவிட்ட வாய்களில் சுவாரசியம் இல்லை. பெருமாள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனாள்.

குடியிருப்பின் பெயர் திருவருள் இல்லம். வாசலில் கல்வெட்டு மாதிரி ஒரு பலகை. அசைவம் சமைப்பவர்கள், சாப்பிடுபவர்கள், வெளியே சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் என்று மூன்று ரகமாகப் பிரித்து மூவருக்கும் இங்கே வீடு இல்லை என்று போட்டிருந்தது. வாட்ச்மேன் அவளிடம் காலையில் என்ன பலகாரம் என்று கேட்டார். இட்லி என்றாள். முட்டை தோசையை இட்லி என்று சொல்வது எந்த வகைப் பாவம் என்பதை ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆவுடை அடுக்களையில் சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஜெசிந்தா முடிவைச் சொன்னதும் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மொத நாளு ஒக்காந்தேம்மா. இல்லன்னு சொல்லல. இலை ஓரத்துல முருங்கக்கா சக்கைய வரிசையா அடுக்கி வச்சிருந்தாவ. நல்லா மென்ன சக்கை. நடுவுல சோத்துல வெரலு போன தடம் தெரியுது. எனக்கு நாக்கு உள்ள இழுத்துக்கிட்டு. இலைய மடிச்சு மாட்டுக்குப் போட்டுட்டு, தட்டுல வச்சுச் சாப்பிட்டேன். மறுநாளும் அப்படித்தான். பொறவு அதுவே பழகிட்டு."

"ஒரு நாள்கூட இல்லையா?"

"ஒரு பருக்ககூட இல்ல."

"சாருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா தாங்க மாட்டாவ. கொடலு போனாக்கூடத் தாங்கிருவாவ. நீங்க சொல்லிராதீங்க."

ஜெசிந்தா தலையாட்டினாள். எழுந்திருக்கலாம் என்று பார்த்தபோது ஆவுடை கிழங்கின் தோலை விரலில் சுற்றிக்கொண்டே இன்னொன்று கேட்டாள்.

"அன்னைக்கு நான் சாப்பிட்டிருந்தா, இப்ப அவுகளுக்குக் கொடலு மிஞ்சியிருக்கும். அப்படித்தானே?"

இந்தக் கேள்விக்குப் பயிற்சி வகுப்பில் பாடம் எதுவும் இல்லை. அப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது அம்மா என்றாள் ஜெசிந்தா. அது சரியான பதில்தான். ஆவுடை, "பாத்துட்டேனே," என்றாள்.

மையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜெசிந்தாவுக்கு அந்த வீட்டின் மேல் ஓர் ஆச்சரியம் இருந்தது. தினமும் இரண்டு வேளை, இருபது வருடம், ஒரு பெண் ஒரு மனிதரை ஏமாற்றியிருக்கிறாள். அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் வரவில்லை, மாட்டுக்கு லாபம்கூட. விஞ்ஞானம் குறுக்கே வந்த பிறகுதான் அது குற்றமாகியிருக்கிறது.

அடுத்த நாள் பெருமாள் வந்தார். இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தார். ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, சில வாய்களில் சில கிருமிகள் ஒட்டாது, உமிழ்நீரின் தன்மை ஒவ்வொருவருக்கும் வேறுபடும், தட்பவெப்பமும் ஒரு காரணம் என்று நீட்டிக்கொண்டே போனாள். பெருமாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ சாப்பிட்டிருக்க மாட்டாம்மா."

ஜெசிந்தா கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

"கல்யாணமான மறுவாரமே தெரியும். கை கழுவிட்டுத் திரும்பி வந்தேன். இலை தொழுவத்துல கெடக்கு, இவ தட்ட வச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள உக்காந்து சாப்பிடுதா. சத்தம் காட்டாம வந்துட்டேன். பிடிக்கலன்னா விட்டுரட்டும்னுதான். ஆனா ஊருல எல்லார்ட்டயும் எங்கம்மா பெருமையாச் சொல்லிட்டு. அதுக்குப் பொறவு நானும் சொல்லிக்கிட்டே வந்துட்டேன்."

"அப்புறம் ஏன் சார் டெஸ்ட்டுக்குச் சம்மதிச்சீங்க?"

"நாலு நாளுல ஒருநாளாவது சாப்பிட்டிருப்பாளோன்னு ஒரு நப்பாசை." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியும்ங்கறத அவட்ட சொல்லிராதீங்க. சங்கடப்படுவா."

இரண்டு பேருடைய ஒரே ரகசியத்தை இரண்டு பேரிடமிருந்தும் காப்பாற்றும் பொறுப்பு ஜெசிந்தாவுக்கு வந்து சேர்ந்தது. வேலை நியமன உத்தரவில் இது இல்லை.

ஆனால் ஒரு பொய்யை இறக்கி வைத்தவருக்கு அடுத்ததை இறக்குவது சுலபம் என்று அவள் அனுபவத்தில் கண்டிருந்தாள். பேச்சைப் பள்ளிக்கூட நாட்களுக்குக் கொண்டுபோனாள். அந்த வயதில் யாரோடும் எதையும் பகிர்ந்து தின்றதே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். மாங்காய், நெல்லிக்காய்? இல்லை. கமர்கட்டு?

"அதெல்லாம் காக்காக் கடிதானே. அது எச்சில் இல்லல்லா," என்றார் பெருமாள்.

ஜெசிந்தாவின் கை நின்றது. காக்காக் கடி அவளும் கடித்திருக்கிறாள். தமிழ்நாட்டில் கடிக்காதவர் யார்? மிட்டாயைச் சட்டை நுனிக்குள் வைத்துச் சுற்றி, துணியோடு சேர்த்துக் கடித்து உடைத்தால் அது எச்சில் ஆகாது என்பது ஒவ்வொரு தலைமுறையும் எந்தப் புத்தகமும் இல்லாமல் கற்றுக்கொள்ளும் சட்டம். வகுப்பில் யாரும் இதைச் சந்தேகப்பட்டதில்லை. எச்சில் இன்ஸ்பெக்டர் ஆன பிறகுகூட அவள் சந்தேகப்பட்டதில்லை. கேள்விப் பட்டியலில் அந்தக் கேள்வி இல்லவே இல்லை. எழுதியவர்களும் காக்காக் கடி கடித்து வளர்ந்தவர்கள்தானே.

அன்று மத்தியானம் ஆய்வகத்தில் வேறு வேலை நடக்கவில்லை. ஆளுக்கொரு கமர்கட்டு வாங்கி வந்தார்கள். இளையவர்கள் சட்டையில் சுற்றிக் கடித்தார்கள். டாக்டர் திருமலைக்கொழுந்து தன் வெள்ளைக் கோட்டின் நுனியில் சுற்றி, கடைவாயில் கொடுத்து, சின்ன வயதுக் கைப்பழக்கம் மாறாமல் ஒரே கடியில் உடைத்தார். துண்டுகளைச் சோதித்தார்கள். நனைந்த துணி வழியாகக் கிருமிகள் தாராளமாக வந்து போயிருந்தன. துணி தடுத்தது மனச்சங்கடத்தை மட்டும்தான்.

கூட்டாளி யார் என்பதைச் சொல்லத்தான் பெருமாளுக்கு நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை கழிப்பறைக்குப் போனார். இரண்டாவது முறை நிஜமாகவே போகவேண்டி இருந்ததா என்று தெரியவில்லை.

"மைதீன் பிச்சை," என்றார் கடைசியில். "ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஒரே பெஞ்சு. மேலப்பாளையத்துல தார்ப்பாய்க் கடை வச்சிருக்காரு. ஆனா அவரு வர மாட்டாரு."

ஏன் என்று கேட்டபோது அவர் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். சுருக்கியதில் விட்டுப்போனதை மறுநாள் மைதீன் சொன்னார்.

தார்ப்பாய்க் கடையில் எல்லாமே நீல நிறமாக இருந்தது. அந்த நீல வெளிச்சத்தில் மைதீன் பிச்சை வெள்ளைத் தாடியோடு உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா வந்த விஷயத்தைச் சொன்னதும் முதலில் தன் பல்லை நாக்கால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துக்கொண்டார், அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பவர் மாதிரி.

எட்டு வருடத்துக்கு முன்னால் மகளுக்காக ஒரு வீடு தேடியிருக்கிறார். திருவருள் இல்லத்தில் காலியாக இருக்கிறது என்றார்கள். தலைவர் யார் என்று கேட்டு, நம்ம பெருமாளா என்று சந்தோஷமாகப் போயிருக்கிறார். பெருமாள் உட்காரச் சொன்னார். பழைய வாத்தியார்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பிறகு கமிட்டியின் தீர்மானம் என்று ஒன்றைச் சொன்னார். தீர்மானத்தை எழுதியது அவர்தான்.

"வீடு இல்லன்னதுக்கு வருத்தமில்லம்மா. ஊரு பூரா அப்படித்தான். வெயில்ல போயிருந்தேன், தண்ணி கேட்டேன். பேப்பர் கப்புல வந்துச்சு. பாத்திரக்கடைக்காரன் வீடு. டம்ளரே இல்லாத மாதிரி பேப்பர் கப்பு." அவர் சிரித்தார். "அத மட்டும் இன்னும் முழுங்க முடியல."

கோபம் இருந்தாலும் ஆர்வம் அதைவிட அதிகமாக இருந்தது. தன் வாய்க்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று வாயைத் திறந்தார். இப்படி ஒரு வாய் கிடைத்தால் வீட்டில் மற்றவர்களிடமும் எடுத்துப் பார்ப்பது வழக்கம் என்றாள் ஜெசிந்தா. பின்கட்டிலிருந்த தன் உம்மாவையும் தங்கையையும் பேத்தியையும் வரிசையாக வாய் திறக்க வைத்தார்.

வீட்டாருடைய முடிவுகள் வர நாள் பிடிக்கும். மைதீனுடையது உடனே வந்தது. பெருமாளின் குடல் ஞாபகம் வைத்திருந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் குறையவில்லை. திருவருள் இல்லத்தில் மைதீனுக்கு வீடு கிடைக்காத எட்டு வருடமும், அதற்கு முந்தைய காலம் முழுதும், பெருமாளின் ஆட்கள் மைதீனின் வாயில் எந்தக் கமிட்டியும் கேள்வி கேட்காமல் குடியிருந்திருக்கிறார்கள்.

மைதீன் தர மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குப்பியில் அடைத்து, லேபிள் ஒட்டி, மருந்து மாதிரி அனுப்பச் சம்மதமில்லை. அவன் தினமும் கடைக்கு வரட்டும். பக்கத்துக் கடை டீயை நான் பாதி குடித்துவிட்டுத் தருவேன், மீதியை அவன் குடிக்கட்டும். வாய் வைத்துக் குடிக்க வேண்டும். தூக்கிக் குடித்தால் அடுத்த நாள் கிடையாது.

கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான், தூக்கிக் குடித்தாலும் உள்ளே போய்விடும் என்று ஜெசிந்தா எடுத்துச் சொன்னாள்.

"கிருமிக்கு ஒண்ணா இருக்கலாம்மா. எனக்கு ஒண்ணு இல்ல," என்றார் மைதீன்.

நேரடி முறைக்கு மையத்தின் விதிகளில் தடை இல்லை. சொல்லப்போனால் குப்பியில் தங்காமல் நேராக இறங்குவதுதான் நன்றாகப் பிடிக்கும். தடை முழுவதும் பெருமாளிடம் இருந்தது. அவர் குப்பியென்றால் பத்துக் குப்பிகூடக் குடிக்கத் தயார் என்றார். குப்பியில் இருப்பது மருந்து, கிளாஸில் இருப்பது எச்சில். இதை விளக்கும்போது அவர் குரலில் இருந்த நியாயத்தைக் கேட்டால் நீதிபதியே திகைத்திருப்பார். நாட்கள் போயின. ரத்தம் கூடியது. பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்கத் தொடங்கியது. பெரிய டாக்டர் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

ஜெசிந்தா கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனபோது பெருமாள் கட்டிலில் சுருண்டு கிடந்தார். ஆவுடை வேட்டியும் சட்டையும் எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்திருந்தாள். வெளியே ஆட்டோ நின்றது. எங்கே என்று பெருமாள் கேட்டார். மேலப்பாளையத்துக்கு என்றாள் ஆவுடை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

ஆவுடை கட்டிலருகே வந்து நின்றாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"என்னால முடியல. ஒங்களாலயாவது முடியுதான்னு பாப்போம், எந்திரிங்க."

பெருமாள் மெதுவாகத் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்வையை எடுக்கவில்லை. அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று ஜெசிந்தாவால் ஊகிக்க முடியவில்லை. பல வருடமாக மூடியிருந்த ஏதோ ஒன்று அந்த அறையில் சத்தமில்லாமல் திறந்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. பெருமாள் கையை நீட்டினார். ஆவுடை பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"முருங்கக்கா சக்கைதானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

"சொல்லியிருக்கலாம். ஓரமாத் துப்பியிருப்பேன்."

கடையில் மைதீன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. பெருமாள் உட்கார்ந்தார். அவர் முகத்தையும் உடம்பையும் பார்த்த மைதீனின் தாடி ஒரு தரம் அசைந்தது. சொல்ல வைத்திருந்த எதையோ விழுங்கிக்கொண்டார் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. டீ வந்தது. மைதீன் ஊதி ஊதிப் பாதி குடித்தார். கிளாஸை நீட்டினார்.

பெருமாள் வாங்கினார். கை தானாக உயர்ந்தது, தலை தானாக அண்ணாந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கிளாஸ் வாய்க்கு நேர் மேலே போய் நின்றது. மைதீன் கடைக்கு வந்த ஓர் ஆளைக் கையமர்த்தி நிற்க வைத்தார்.

கிளாஸ் இறங்கியது. உதடு பட்டது. பெருமாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு கண்ணைத் திறந்து, கிளாஸைப் பார்த்து, சீனி ஜாஸ்தி என்றார்.

"அஞ்சாங்கிளாஸ்லயும் இதத்தாம்லே சொல்லுவ," என்றார் மைதீன்.

இன்னொரு வாய் உள்ளே போனதும் பெருமாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கழிப்பறையைக் கேட்கக் கூச்சப்பட்டு நெளிந்தார். மைதீன் கேட்காமலே பின்கட்டைக் காட்டினார். மீதி டீ ஸ்டூலின் மேல் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஜெசிந்தாவின் போன் அடித்தது. மைதீன் வீட்டாருடைய முடிவுகளும் வந்துவிட்டன என்றார் டாக்டர் திருமலைக்கொழுந்து. அவர் குரலில் ஒரு பையனின் உற்சாகம் இருந்தது. உம்மாவிடம் இருக்கிறது, தங்கையிடம் இருக்கிறது, பேத்தியிடமும் இருக்கிறது. உம்மாவிடம்தான் எல்லாவற்றிலும் பழைய ரகம். பள்ளிக்கூடம், கமர்கட்டு எல்லாவற்றுக்கும் வெகு காலம் முந்தியது.

"அப்ப இது பெருமாள் சாரோட பழைய வாய் இல்லையா டாக்டர்?"

"அவரு கொடலு அப்படித்தான் நெனைக்குது. அவங்க வீட்டுல ஒருத்தரும் ஒருத்தர் எச்சிலத் தொடல. கொடலு என்னம்மா செய்யும்? மொதல்ல பழகினவங்கள சொந்தக்காரங்கன்னு எழுதிக்கிட்டு. மருந்து மருந்துதான், கேக்கும். மூலம் மட்டும் மேலப்பாளையம்."

போனை வைத்ததும் மைதீன் என்னவென்று கண்ணால் கேட்டார். அவர் வாய் சம்பந்தப்பட்டது. சொல்லாமலிருக்க விதி இல்லை. ஜெசிந்தா சொன்னாள். மைதீன் இரண்டாவது முறை சொல்லச் சொன்னார். பிறகு நீலத் தார்ப்பாய் மடிப்புகள் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பெருமாள் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்தவரின் நடையில் ஒரு தெளிவு இருந்தது. போன இடத்தில் உட்கார்ந்து யோசித்து ஒரு தீர்வு கண்டுபிடித்திருந்தார்.

"ஒண்ணு தோணிச்சுவே," என்றார் ஸ்டூலில் அமர்ந்துகொண்டே. "இதுல வருத்தப்பட என்ன இருக்கு? நான் குடுத்து வச்சத நான் திருப்பி வாங்கிக்கிடுதேன். என் சாமான் என்கிட்ட வருது. இதுல எச்சிலு எங்க வந்துச்சு?"

ஜெசிந்தா மைதீனைப் பார்த்தாள். மைதீன் பெருமாளைப் பார்த்தார். தொளதொளத்த சட்டையை, கழுத்தெலும்பை, டீயை எடுக்க நீண்ட மெலிந்த கையை. ஒரே ஒரு வார்த்தை போதும். மீதி டீயைத் தொடாமல் பெருமாள் எழுந்து போய்விடுவார், நேராக ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு. எட்டு வருடம் காத்திருந்தால்கூட இப்படி ஒரு வார்த்தை கைக்கு வராது.

"அது சரிதாம்லே," என்றார் மைதீன். "ஒன் சாமான்தான். ஆறுதுக்குள்ள குடி."